நான் விடாமல் பிடித்திருந்தவர்

அந்தத் திட்டை முதலில் பார்த்தது நான்தான். ஒரு சனிக்கிழமை காலை. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், குழாயடியில், என் கணவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குந்தியிருந்தார். முதுகு தேய்த்துவிடப் போனேன். இடது தோள்பட்டைக்குக் கீழே வெற்றிலை அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. தேமல் என்றால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும், செதில் உதிரும். இது வழவழவென்று இருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து அதன் நடுவில் குத்தினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் அழுத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறே அங்கே?”

“ஒண்ணுமில்லை. தேமல் மாதிரி இருக்கு.”

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அது என்ன வியாதி என்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கம் சபை ஊழியராக இருந்தவர். ஊருக்கு வெளியே குடிசை போட்டிருந்த பெருவியாதிக்காரர்களுக்கு அவர் கஞ்சி கொண்டுபோகும்போது கூடவே போயிருக்கிறேன். அவர்கள் தோலைப் பார்த்திருக்கிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளைகள் இல்லை. அவர் ரயில்வேயில் தந்தி கிளார்க். அதிர்ந்து பேசத் தெரியாதவர். சிரித்தால்கூடச் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். வீட்டில் என்ன சமைப்பது, யார் வீட்டுக்குப் போவது, கோயிலில் எந்த வரிசையில் உட்காருவது எல்லாம் என் முடிவுதான். சின்ன வயதிலேயே என் பிடிவாதத்தைப் பற்றி வீட்டில் பேச்சு உண்டு. நான் அதைக் குறையாக நினைத்ததில்லை. விடாமல் ஜெபிக்கிறவள் என்று சபையில் எனக்கு நல்ல பெயர்கூட இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். யாருக்கும் தெரியக்கூடாது. அரசாங்க டாக்டருக்குத் தெரிந்தால் வண்டி வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். பட்டணத்துக்கு வடக்கே அந்த வியாதிக்காரர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து அவரிடம் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “டாக்டர்கிட்டே போவோமே” என்றார்.

“போனா நீங்க திரும்பி வரமாட்டீங்க.”

“அது நம்ம கையிலயா இருக்கு?”

“என் கையில இருக்கு. நான் பாத்துக்கிறேன். நீங்க சும்மா இருங்க.”

அவர் சும்மா இருந்தார். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அப்படி இருந்தார்.

கிள்ளானில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். மாதம் ஒரு தடவை ரயிலில் போய் அவரிடம் நீரடிமுத்து எண்ணெய் வாங்கி வருவேன். ஊர்க்கார சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். அந்த எண்ணெயின் நாற்றம் சுவரில் ஏறிவிடும். அதை மறைக்கக் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டேன். திட்டுகள் இரண்டாயின, பிறகு முழங்கையில் ஒன்று. வெயில் எப்படி அடித்தாலும் அவரைக் கோட்டுப் போட வைத்தேன். அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார், தலைமை கிளார்க்கின் மனைவி. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

“பிள்ளை, உம்மட மனிசன் ஏன் இந்த வெய்யிலுக்குள்ள கோட்டும் போட்டுக்கொண்டு திரியிறார்?”

“அவருக்குச் சளி பிடிச்சிருக்கும்மா. நெஞ்சுல குளிர் ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“ஒரு வருசமாச் சளியோ?” என்றார். நான் துணியை உதறிக் காயப்போட்டேன்.

பிறகு அவருடைய வலது கை விரல்களில் உணர்ச்சி குறைய ஆரம்பித்தது. தந்தி அடிக்கும் கட்டையில் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்றார். அது எழுப்பும் ஓசையைக் காதால் கேட்டுத்தான் அடிக்கிறேன் என்றார். ஒருநாள் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கிவைத்துவிட்டு, கை பொரிந்திருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தார். நான் துணி சுற்றிவிட்டேன். “டீ ஊத்துறப்போ பட்டுடுச்சுன்னு ஆபீஸ்ல சொல்லுங்க” என்றேன்.

அந்த நாட்களில் நான் ஜெபித்த விதம் இப்போது நன்றாக நினைவிருக்கிறது. நான் கேட்கவில்லை, சொன்னேன். இந்த மாதத்துக்குள் திட்டு மறையவேண்டும். இந்த விரல் சரியாகவேண்டும். ஓர் ஆளை வேலைக்கு வைத்து வேலை சொல்வதுபோலத்தான் இருந்தது அது. விசுவாசம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லோரும் முன்னால் போய் முழங்கால் போட்டு, ஒரே பாத்திரத்திலிருந்து ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். திட்டைப் பற்றிச் சொன்ன பிறகு அவர் முன்னால் போவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்கு. டியூட்டி, காய்ச்சல், வயிறு சரியில்லை. கடைசியில் சாக்கு ஏதும் சொல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வியாதி எச்சிலில் பரவும் என்று அப்போது எல்லோரும் நினைத்தோம். அவரும் நினைத்தார். நானும்தான்.

குருவானவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடுத்தர வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

“அம்மா, வீட்டுக்காரருக்கு மனசுல ஏதாவது வருத்தமா? யார்மேலாவது கோபமா? பந்திக்கு வராம இருக்காரே.”

“ஒண்ணுமில்லை ஐயா. அடுத்த மாசம் வருவார்.”

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். ஜனங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அடுத்த முதல் ஞாயிறு நீங்கள் முன்னால் போகத்தான் வேண்டும் என்றேன்.

“என்னால முடியாது” என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

“ஒரு தடவை. ஒரே தடவை போயிட்டா வாயை மூடிருவாங்க.”

“எனக்கு அப்புறம் குடிக்கிறவங்க?”

அந்த மாதம் முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன். சோறு போடுவேன், துணி துவைப்பேன், எண்ணெய் தேய்ப்பேன், பேசமாட்டேன். அந்த ஞாயிறு காலையில் அவர் தானாகவே வேட்டி கட்டி, கோட்டுப் போட்டு, வாசலில் வந்து நின்றார்.

முன்னால் போனோம். நான் அவருக்கு இடது பக்கம். வலது பக்கம், வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக வேலை பார்த்த ஒரு விதவை. பாத்திரம் என்னைத் தாண்டி அவரிடம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் அண்ணாந்தார். உதடுகளை இறுக்கி உள்ளே மடித்திருந்தார். பாத்திரத்தின் விளிம்பு அவருடைய வாயில் படவே இல்லை. குருவானவர் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்து ஆயாவிடம் நீட்டினார். அந்த அம்மா குடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து எழுத முடியாது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானம் அவர் கறிச்சோற்றை நன்றாகச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை, டியூட்டி முடிந்ததும், அந்தக் கோட்டோடேயே அவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையில் வந்து, “வெள்ளிக்கிழமை வண்டி வரும்” என்றார்.

“யாரைக் கேட்டுப் போனீங்க?”

“யாரையும் கேக்கலை.”

கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சுவரோரம் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை நாலு வேட்டி, இரண்டு சட்டை, வேதபுத்தகம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்தேன். வண்டி வந்தது. ஏறும்போது, “கதவைச் சாத்திட்டு உள்ள போ, வெயிலா இருக்கு” என்றார். போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே போய், காலையில் வைத்த குழம்பைச் சூடு பண்ணினேன். யாருக்கென்று தெரியவில்லை.

அன்று மாலைக்குள் குவாட்டர்ஸ் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் சன்னல்களைச் சாத்தினார்கள். யாழ்ப்பாணத்து அம்மா மட்டும் கஞ்சி கொண்டுவந்தார். வாசலில் வைத்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். உள்ளே வந்து, என் பாயிலேயே உட்கார்ந்து, “சாப்பிடும் பிள்ளை” என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. சைவக்காரர். நெற்றியில் திருநீறு. அதற்குப் பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல எத்தனையோ சபைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரும் பாயில் உட்காரவில்லை.

என்னையும் சோதித்துப் பார்த்து வியாதி இல்லை என்றார்கள். அவருக்கு வேலை போனதால் குவாட்டர்ஸைக் காலி செய்யவேண்டியிருந்தது. குருவானவர் சொல்லி, கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. பள்ளிக்குப் பின்புறம் ஓர் அறையில் தங்கிக்கொள்ளலாம். மூட்டை கட்டும்போது குருவானவர் வந்து நின்றார்.

“அம்மா, ஆண்டவருடைய சித்தத்துக்கு உங்களை ஒப்புக்கொடுத்துடுங்க. சமாதானம் வரும்.”

“உங்க வீட்டம்மாவை அந்த வண்டியில ஏத்திட்டு வந்து இதைச் சொல்லுங்க ஐயா” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. என் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். ரிக்ஷா வரைக்கும் தூக்கிவந்தார்.

கிள்ளானில் அந்த முதல் வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பிள்ளைகளுக்கு ஓரம் அடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். காஜா எடுக்கச் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானம் ஆற்றில் கடல் தண்ணீர் ஏறும்போது கருவாட்டு வாசனை வரும், இறங்கும்போது சேற்று வாசனை வரும். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போயிற்று. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். துறைமுகத்துக்குப் போகும் வழியில் மூட்டைகளோடு அவர்கள் நடந்து போவதைப் பள்ளிச் சன்னலிலிருந்து பார்ப்பேன். பாவம் என்று தோன்றவேண்டும். தோன்றாது. கோயிலுக்குப் போவேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் தேவ சித்தத்தைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். அடுத்த வரியில் ஆகாரத்தைக் கேட்கும்போது மறுபடியும் சேர்ந்துகொள்வேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மாதம் ஒரு முறை அவரைப் பார்க்கப் போகலாம். ரயிலில் கோலாலம்பூர், அங்கிருந்து பஸ். வாசலுக்குப் பக்கத்தில் வருகிறவர்களுக்கென்று ஒரு கொட்டகை. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். தொடக்கூடாது. கொண்டுபோன பலகாரத்தைக் காவலரிடம் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் மாறியிருந்தார். புருவம் உதிர்ந்தது. காது தடித்தது. பேச்சு மட்டும் முன்பைவிட அதிகமாகியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு இருந்த எட்டொன்பது வருஷத்தில் பேசாததையெல்லாம் அங்கே யார் யாரிடமோ பேசிப் பழகியிருந்தார்.

நான் விட்டுவிடவில்லை. துறைமுகத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கப்பலில் சரக்கு ஏற்றும் கங்காணியாக இருந்தார். ஊருக்குப் போகும் தோட்டத்து ஜனக் கூட்டத்தோடு ஒருவரைக் கலந்து அனுப்புவது பெரிய காரியமில்லை என்றார்.

“முகத்தைத் துண்டால மூடிக்கச் சொல்லுங்க அக்கா. காய்ச்சல்னு சொல்லிப் படுக்க வெச்சிடலாம். நாகப்பட்டணம் இறங்கிட்டா அப்புறம் உங்க பாடு. அவரை அங்கேருந்து வெளிய கொண்டாறது மட்டும் உங்க வேலை.”

அந்தக் குடியிருப்பின் பின்பக்க வேலி ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டியிருந்தது. அங்கே ஓர் இடத்தில் கம்பி தளர்ந்திருப்பதை அவரே பேச்சுவாக்கில் ஒருமுறை சொல்லியிருந்தார். நாள், நேரம், வண்டி எல்லாம் ஏற்பாடு செய்தேன். இரண்டு வருஷமாகச் செத்துக்கிடந்த உடம்பில் அந்த மூன்று வாரம்தான் ஏதோ ஓடியது. ஆண்டவர் கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்து பார்க்கப் போனபோது, காவலர் அந்தக் கோடிக்குப் போயிருந்த சமயம், குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“நான் வரலை.”

“பயப்படாதீங்க. எல்லாம் பேசியாச்சு.”

“பயமில்லை. இங்க எனக்கு வேலை இருக்கு. தோட்டத்துலேருந்து வந்தவங்க நாப்பது அம்பது பேர் இருக்காங்க. விரல் இல்லை, எழுதத் தெரியாது. அவங்க வீட்டுக்கெல்லாம் நான்தான் காயிதம் எழுதுறேன். பென்சிலைக் கையில வெச்சுக் கட்டிக்கிட்டு எழுதுறேன். சாயங்காலம் ஜெபம் நடத்துறேன்.”

“அப்போ நான் யாரு உங்களுக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். புருவமில்லாத முகத்தில் கோபமா துக்கமா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

“அந்த ஞாயித்துக்கிழமை என்னைப் பிடிச்சுத் தள்ளினே. நானும் போனேன். பக்கத்துல அந்த ஆயாம்மா. பாத்திரம் என் வாய்க்கிட்டே வர்றப்போ அவங்க மூச்சு விடுறது எனக்குக் கேட்டுது. உனக்காக ஒரு மனுஷியைக் கொல்லப் பாத்தேன். வாயை மூடிக்கிட்டதால தப்பிச்சேன். இந்தக் கப்பல்லயும் ஜனங்க இருப்பாங்க. பிள்ளைங்க இருக்கும். இன்னொரு தடவை என்னைத் தள்ளாதே.”

கொஞ்ச நேரம் கழித்து, “என்னை விட்டுடு” என்றார். முன்பு அடுப்பங்கரையில் வந்து தண்ணீர் கேட்கும் அதே குரல்தான்.

மணி அடித்தது. எழுந்து வந்துவிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு மத்தியான வண்டி. பெட்டியில் கூட்டமில்லை. எதிரே ஒரு மலாய்க்காரப் பெண் ரம்புத்தான் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே ரப்பர் மரங்கள், வரிசை வரிசையாக. ஒரு கணக்கில்லாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னிடம் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது மெதுவாகத் தெரிந்தது. வைத்தியர், எண்ணெய், கோட்டு, பொய், கப்பல் எல்லாம் முடிந்துவிட்டன. அந்த மனிதரை நான் நேசித்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் என்ன நினைக்கிறார் என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆண்டவரிடமும் கேட்டதில்லை. இருவரையும் ஒரே மாதிரிதான் நடத்தியிருக்கிறேன்.

வாய்க்குள்ளேயே சொன்னேன். “சரி. நான் விட்டுட்டேன். அவர் உம்முடையவர். என் யோசனையையும் எடுத்துக்கொள்ளும். நான் இனி உமக்கு ஒண்ணும் சொல்லித்தர வரலை.”

அவ்வளவுதான். காத்திருந்தேன். பாரம் இறங்கும் என்பார்கள், வெளிச்சம் வரும் என்பார்கள், நெஞ்சில் வெதுவெதுப்பாக ஏதோ பரவும் என்பார்கள். ஒன்றும் வரவில்லை. வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்று புறப்பட்டது. மலாய்க்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, ஒரு கொத்து ரம்புத்தானை ஒடித்து என் மடியில் வைத்தாள். “மாக்கான், மாக்கான்” என்றாள், சாப்பிடு என்று. சாப்பிட்டேன். இனிப்பா புளிப்பா என்று தெரியவில்லை. கொட்டைகளைச் சன்னல் வழியே போட்டேன்.

நான் உண்மையாகத்தான் சொன்னேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் கிள்ளானில் இறங்கியதும் அறைக்குப் போகாமல் நேராக அந்தக் கங்காணியைத் தேடிப் போனேன். “வேண்டாம் தம்பி, அவர் வரலை” என்றேன். “இன்னொரு கப்பல் பாக்கலாமே அக்கா?” என்றார். “எந்தக் கப்பலும் வேண்டாம்” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான், ரயிலில் சொன்னதை நான் உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் பழைய சபைக் குருவானவரிடம் போய்ப் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கையைக் கோத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “அந்த அம்மாகிட்டே நீங்களே சொல்லணும்” என்றார். அதை ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். ஆயாம்மா குழந்தைத் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார். “அவரு காது மடலைப் பாத்தேன். நான் இந்த வியாதியை ஊர்ல பாத்திருக்கேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டதையும் பாத்தேன்.”

“தெரிஞ்சுமா குடிச்சீங்க?”

“குடிச்சேன்.”

ஏன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. “உக்காரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். குடித்துவிட்டு வந்தேன். மன்னித்தேன் என்று அவர் சொன்னதாக நினைவில்லை. நானும் கேட்டதாக நினைவில்லை.

அதற்குப் பிறகு என் கணவரைப் பார்க்கப் போகும்போது நான் திட்டம் ஏதும் கொண்டுபோகவில்லை. “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன். அவர் அதற்குத் தயாராக இல்லை. யோசித்துவிட்டு, “பித்தான் இல்லாத சட்டை” என்றார்.

“என்னது?”

“இங்க பாதிப் பேருக்குப் பித்தான் போட முடியலை. விரல் வளைஞ்சிருக்கு. யாராவது போட்டுவிடணும். பெரிய ஆம்பளைங்க காலையில சட்டையைத் திறந்து போட்டுக்கிட்டு வரிசையில நிப்பாங்க. பாக்கக் கஷ்டமா இருக்கும்.”

பள்ளிக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கழுத்து வழியாகத் தலையை நுழைத்துப் போட்டுக்கொள்ளும்படி, பக்கத்தில் அகலமான நாடா வைத்து, பல்லால் கடித்து இழுத்தாலே இறுகும்படி ஒரு சட்டை வெட்டினேன். முதல் சட்டையில் கை நுழைகிற இடம் குறுகலாகிவிட்டது, மடங்கிய விரல்கள் மாட்டிக்கொண்டன என்று சொல்லி அனுப்பினார். அகலப்படுத்தினேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் தைத்தார்கள். யாருக்கென்று சொன்னபோது இரண்டு பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள், தங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் தைத்தார்கள். அடுத்த நான்கைந்து வருஷத்தில் எத்தனை சட்டைகள் என்று நான் எண்ணிவைக்கவில்லை. ஒருமுறை கொட்டகையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் அதே நீலக் கோடு போட்ட துணியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். தோள் குலுங்கியது. எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்த வருஷங்களில் எனக்கு வந்த சிரிப்புகளில் நினைவிருப்பது அது ஒன்றுதான்.

கோயிலில் தேவ சித்தத்தைப் பற்றிய அந்த வரியைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் தடவை மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை பின்தங்கித்தான் சொன்னேன். பிறகு பழகிவிட்டது. சொல்லும்போது நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அசையவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதையும் விட்டேன். அதுவும் என் விருப்பம்தானே.

கடைசி வருஷம் அவருக்குப் பார்வை மங்கியது. மழைக்காலத்தில் சிறுநீரகம் கெட்டுப்போய் ஒரு வாரம் படுத்திருந்தார். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அன்றுதான் என்னைக் கொட்டகையைத் தாண்டி உள்ளே விட்டார்கள். அவர் கட்டிலைக் காட்டினார்கள். அதில் ஏற்கெனவே வேறொருவர், புதிதாக வந்தவர், உட்கார்ந்திருந்தார். மண்மேட்டைக் காட்டினார்கள். அவர் யார் யாருக்குக் காயிதம் எழுதிக்கொடுத்தாரோ அந்த ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னாலேயே வந்து தள்ளி நின்றார்கள். ஒருவர், “அம்மா, இனி எங்களுக்கு யாரு எழுதுவாங்க?” என்று கேட்டார். துக்கம் விசாரிக்காமல் அவர் அதைக் கேட்டது எனக்குச் சரியாகப் பட்டது. என் கைப்பையில் இருந்த பென்சிலை எடுத்து, வராந்தாவில் உட்கார்ந்து, அன்றைக்கு மூன்று காயிதம் எழுதிக் கொடுத்தேன். காவலர் தடுக்கவில்லை. மேலதிகாரியிடம் கேட்டதில், மாதம் ஒருநாள் வந்து கொட்டகையில் உட்கார்ந்து எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். இப்போதும் போய்வருகிறேன்.

போன வருஷம் கிள்ளானில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஒப்புக்கொடுத்தல் பற்றித்தான் அன்றைய பேச்சு. எனக்கு முன் பேசியவர்கள் அழுதார்கள், சந்தோஷப்பட்டார்கள். நான் எழுந்து, “நான் ஒப்புக்கொடுத்தேன். எனக்கு ஒண்ணும் தோணலை. ஆனா ஒப்புக்கொடுத்தேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முன்வரிசையில் ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு கூட்டம் நடத்திய அம்மா, நேரமாகிவிட்டது என்று சொல்லி ஒரு பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் எழுந்து பாடினோம். நானும் பாடினேன்.